மறுத்துச் சொல்ல ஓர் ஆள்

கோயமுத்தூரில் ஒருத்தரைப் பிடித்து, "நீ சொல்வது தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வைப்பதைவிட, மருதமலையை இரண்டு அடி தள்ளி வைத்துவிடலாம். சும்மா சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அலைந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதிலும் எங்கள் தெரு இருக்கிறதே, அது இன்னும் மோசம். பெரியகடை வீதிக்குப் பின்னால் முப்பத்தோரு வீடு உள்ள சந்து. நாய் உள்ளே நுழைந்தால்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார்கள். அந்தத் தெருவில் எனக்கு மட்டும் மூக்கு நுனியில் கோபம். "பொம்பளப் புள்ளைக்கு இத்தனை வாய் ஆகாது" என்பாள் அம்மா. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார் அத்தா. இரண்டு பேரும் பேசுவது ஒரே வாயைப் பற்றித்தான்.

நான் ஹுமேரா. அத்தா ரசாக்குக்குச் சாக்குக் கடை. அம்மா பாத்திமுத்து. தொண்ணூற்று நான்காம் வருடம் ஜனவரியில் நான் பிளஸ் டூவில் இருந்தேன், வரலாறும் பொருளாதாரமும் படிக்கிற குரூப்பில். டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் மார்க் பத்தாதவர்கள் சேருகிற இடம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கும் குரூப் அது. எனக்கு மார்க் இருந்தது. நானாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அதை யாரும் நம்பியதில்லை.

அந்த மாதம் பள்ளிக்கூட நூலகத்தில், ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு மூலையில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். சமூக அறிவியலில் இரட்டைப் பட்டம். இரண்டு வருடம் பிரான்சில், இரண்டு வருடம் கனடாவில். முடித்தால் இரண்டு பல்கலைக்கழகமும் ஆளுக்கொரு பட்டம் கொடுக்கும். உலகம் முழுவதற்கும் சேர்த்து இருபத்துநான்கு இடம். அதில் ஆறு பேருக்குச் செலவு முழுவதையும் அவர்களே ஏற்பார்கள்.

கடிதம் போட்டேன். பிப்ரவரி முதல் வாரம் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அத்தா அதைக் கடையில் எல்லாரிடமும் காட்டினார். "சோசியல் சயின்ஸுங்களா? அது எட்டாங்கிளாஸ்லயே முடிஞ்சுருமில்லீங்க?" என்று ஒருவர் கேட்டாராம். அத்தா அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்குக் கிடைத்தது குட்டுதான். கல்யாண வீட்டில் யாரை முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள், ஏன்? ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள்? "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்பார்கள். அதெல்லாம் கேள்விதான், அதற்குப் பட்டமே தருகிறோம் என்று முதல் முறையாக ஓர் இடம் சொன்னது. அந்த இடத்துக்கு நான் போயே ஆக வேண்டும் என்று இருந்தது.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, கட்டுரை. நீங்கள் வாழும் இடத்தில், சட்டமோ காவலோ இல்லாமல் மனிதர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் ஏதாவது ஓர் ஏற்பாட்டை நேரில் கவனித்து எழுத வேண்டும். அது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இரண்டாவதுதான் குண்டு. உங்கள் கட்டுரையை ஏற்காத ஒருவர், ஏன் ஏற்கவில்லை என்று தன் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எந்த மொழியிலும் இருக்கலாம், மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். அதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் திருத்தக் கூடாது. அந்தப் பக்கம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டோம்.

கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் தெருக் குழாய். ஒரே குழாய், முப்பத்தோரு வீடு. சிறுவாணித் தண்ணீர் விடியற்காலை வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். குடங்கள் வரிசையில் நிற்கும். காவலுக்கு ஆள் கிடையாது. ஆனாலும் சண்டை வந்ததில்லை. மற்ற தெருக்களில் குடத்தால் மண்டை உடைகிறது, இங்கே "ஏனுங்க, ஒரே ஒரு கொடம் புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டால் "புடிச்சுக்குங்க" என்று நகர்ந்துகொள்கிறார்கள். பத்து நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, காலை ஆறேகாலிலிருந்து ஏழு வரை, யார் யாருக்கு வழி விட்டார்கள் என்று நோட்டில் குறித்தேன். 'இந்தத் தெருவில் மரியாதையே சட்டம். இங்கே ஒருவரும் வெறும் குடத்தோடு திரும்பியதில்லை' என்று முடித்திருந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து ஏழு பக்கம் அடித்து வாங்கினேன். படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்புறம் மறுப்பவரைத் தேடிக் கிளம்பினேன்.

முதலில் ஏழாம் வீட்டு வெங்கடலட்சுமி அம்மாவிடம் போனேன். ஓய்வு பெற்ற டீச்சர். பரீட்சைத் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட அரை மார்க் குறைத்தவர். முழுக் கட்டுரையையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முத்து முத்தா இருக்குது கண்ணு."

"அதில்லீங்கம்மா, எதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்க. எதுத்து எழுதித் தரோணும்."

"தப்பா? நீ எழுதுனதுல என்ன தப்புக் கண்டுபுடிக்கறது? இந்தா, முறுக்கு எடுத்துக்க."

இப்படியே வீடு வீடாக. ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் நிலக்கடலை, ஒரு வீட்டில் என் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். வயிறு நிறைந்ததே தவிர வேலை நடக்கவில்லை. மாரப்பன் என்று பத்தொன்பதாம் வீட்டுக்காரர், மாநகராட்சியில் வேலை செய்தவர், நிச்சயம் ஏதாவது சொல்வார் என்று நம்பிப் போனேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதியிருக்கறப்போ நான் போய் அப்படிச் சொன்னா நல்லா இருக்குமுங்களா?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். அவருக்கு என் அத்தா வயது. எனக்கு நீங்க, வாங்க.

பதினேழாம் நாள் அத்தாவே பேனாவை எடுத்தார். கடையை மூடிவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் எழுதினார். வாங்கிப் பார்த்தேன். 'என் மகளின் கட்டுரையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கையெழுத்து இன்னும் சற்றுப் பெரிதாக இருந்திருக்கலாம்.'

"அத்தா, இது டைப் அடிச்சது."

"அப்படியா கண்ணு? அப்ப வேற குறை ஒண்ணும் தெரியல எனக்கு."

அதற்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை குழாயடிக்கே போய் நின்று, "ஒருத்தராவது நான் எழுதுனது தப்புன்னு சொல்லுங்களேன், உங்களுக்கெல்லாம் வாயே இல்லையா?" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். "பரீச்சை நெருங்குதில்லீங்க, புள்ளைக்கு மூளை சூடாயிருக்கும். எளநீ குடுங்க" என்றார் ஒரு அம்மா. என் அம்மாவுக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. அன்று எனக்கு வீட்டில் இரண்டு இளநீரும் இருபது திட்டும் கிடைத்தன.

கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கூரியரில் போய்ச் சேரவே ஆறு நாள் ஆகும். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த வரதராஜுலு அண்ணனிடம் சாயங்காலம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"அட, இதுக்குப் போயி ஏன் அம்மணி மனசு ஒடையறீங்க? நான் எதுத்து எழுதித் தரேன். என்ன எழுதோணும்னு மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க" என்றார்.

அதாவது, என்னை மறுப்பதற்குக்கூட என் பேச்சைத்தான் கேட்பார். சொல்லி வெட்கப்பட வேண்டியது இது: அதற்கு நான் சம்மதித்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். எதை எதிர்ப்பது என்று தெரிய வேண்டுமே என்று கட்டுரையை முதலிலிருந்து தமிழில் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

அப்போது பூத்துக்குள் பாவாத்தாள் அக்கா கூட்டிக்கொண்டிருந்தார். தெரு முடிந்து மதில் வருகிற இடத்தில், தகரம் போட்ட ஒற்றை அறையில் இருப்பவர். நாற்பது வயதிருக்கும். விடிந்ததும் ரேஸ் கோர்ஸ் பக்கம் மூன்று வீட்டில் வேலை, மதியத்துக்கு மேல் வெங்கடலட்சுமி அம்மா வீட்டில் பாத்திரம், சாயங்காலம் இந்த பூத். நான் 'ஒருவரும் வெறும் குடத்தோடு திரும்பியதில்லை' என்ற இடத்துக்கு வந்தபோது விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"அது எந்தத் தெருக் கொழாயிங்க அம்மணி?" என்று கேட்டார்.

"நம்ம தெருதானுங்க்கா."

"நம்ம தெருவா?" என்றார். அப்புறம் மறுபடியும் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் விடுவேனா? எழுந்து போய் எதிரே நின்றேன். "ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்."

"அக்கா, நீங்க சொல்லாம நான் வழி விட மாட்டேன்."

அவர் வரதராஜுலு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மரியாதையாக வெளியே போய்ச் சினிமா போஸ்டரைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். பாவாத்தாள் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"நீங்க எந்திரிச்சு நோட்டுப் பொஸ்தகத்தைத் தூக்கறதுக்குள்ள நான் போயிருவேனுங்க. ஆறு மணிக்கு. வெறுங் கொடத்தை ஊட்ல வெச்சுப்போட்டு. நீங்க முப்பத்தோரு ஊடுன்னு படிச்சீங்களே, என்ற ஊட்டைச் சேத்துனா முப்பத்திரண்டுங்க."

எனக்குக் காது சுட்டது. அந்தத் தகர வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட நான் சொல்வேன், அவ்வளவு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் தெருவே தெரியவில்லை.

ஆனால் என் குணம் தெரியுமே, உடனே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன். வரிசையில் முதலில் இருந்தது பாவாத்தாள் அக்காவின் அலுமினியக் குடம். அவர் பக்கத்தில் குந்தியிருந்தார். ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்தது. ஐந்தேகாலுக்கு வெங்கடலட்சுமி அம்மாவும் வந்தார். "பாவாத்தா, மாப்பிள்ளைக்கு ரயிலுக்கு நேரமாச்சுங்க. ஒரே ஒரு கொடம்." "புடிச்சுக்குங்கம்மா." அடுத்தவர். "காச்சல்ல கெடக்குது புள்ள. கஞ்சி வெக்கோணும்." "புடிச்சுக்குங்க." அடுத்தவர். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவரும் பாவாத்தாள் அக்காவிடம்தான் கேட்டார்கள், அவருக்குப் பின்னால் நின்றவர்களிடம் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மா இரண்டு பித்தளைக் குடத்தோடு போனாள்.

"பாவாத்தா, ஹுமேராவுக்குப் பரீச்சைங்க. வெந்நி வெக்கோணும். கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

"புடிச்சுக்குங்க பாயம்மா."

ஆறு மணிக்குப் பாவாத்தாள் அக்கா வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். நான் கீழே இறங்கிப் போனபோது அம்மா எனக்கு வெந்நீர் எடுத்து வைத்திருந்தாள். நான் அதைத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தகர வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் மறுத்தார். "நான் மூணாங்கிளாஸுங்க. வெள்ளைக்காரங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?" என்றார். நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை, ஆனால் கெஞ்சினேன். நீங்கள் சொன்னால்தான் என் விண்ணப்பத்தைப் பிரிப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நான் உங்களைத் தப்புன்னு சொன்னாத்தான் உங்களுக்கு நல்லதுங்களா?"

"ஆமாங்க்கா."

"நல்ல படிப்புங்க இது" என்றார். சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

'என் பேரு பாவாத்தாள். இந்தத் தெருவுல கடைசி ஊடு. இந்தப் புள்ளை எழுதுனது நல்லாத்தான் இருக்குது. ஆனா அப்படி நடக்கறதில்லை. வெடியால நாலரைக்கு நான் கொடம் வெக்கறேன். மொதல் கொடம் என்ற கொடம். தண்ணி வந்ததும் ஒவ்வொருத்தரா வந்து கேப்பாங்க. காச்சல்னு கேப்பாங்க, ரயிலுன்னு கேப்பாங்க, பரீச்சைன்னு கேப்பாங்க. பொய் சொல்ல மாட்டாங்க. எல்லாம் நெசமாத்தான் இருக்கும். மருவாதையாக் கேட்டா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா நாளைக்கு அவிங்க மொகத்துல எப்படி முழிக்கறது? ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போயாகோணும். நாலு வருசமா நான் குடிக்கறது உப்புத் தண்ணிதான். இத்தனைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தரும் என்னையத் திட்டுனதில்லை. திட்டியிருந்தா நானும் திரும்பத் திட்டியிருப்பேன். தண்ணி கெடைச்சிருக்கும்.'

படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அடியில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்கு அன்று இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். எனக்கு எதையும் மறைக்க வராது.

"நம்ம ஊட்டுக் கொடத்தைப் பத்திக் கடல் தாண்டி எழுதி அனுப்பப்போறியா?"

"பேரு போடலம்மா."

"பரீச்சைன்னு இருக்குதில்ல? அது யாரு? நான் அவங்களைப் புடிச்சா தள்ளுனேன்? கேட்டேன். சரின்னாங்க. சரின்னு சொன்னாச் சரிதான?"

"அவங்களால இல்லைன்னு சொல்ல முடியுமாம்மா?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமா, சோறு வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு யோசனையும் வந்தது. கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டால் என்ன? பாவாத்தாள் அக்கா சொன்னதை நானே கண்டுபிடித்ததுபோல் உள்ளே சேர்த்துவிட்டால் கட்டுரை ஒரு படி உயர்ந்துவிடும். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. ஆனால் அப்படிச் செய்தால் அவர் மறுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டோம், அவர் சொன்னதையும் எடுத்துக்கொள்வதா என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். என் தப்பான கட்டுரையை அப்படியே வைத்து, மேலே அவருடைய பக்கத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் வைத்துக் கூரியர் செய்தேன். அனுப்பிவிட்டு வந்து, இனிமேல் தபால் வழியில் பி.காம். தான் என்று நினைத்து ஒரு மூச்சு அழுதேன்.

பரீட்சை முடிந்தது. ஏப்ரல் பத்தாம் தேதிக்கு மேல் ஒரு தந்தி வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறேன். இன்ன தேதி, மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் நேர்காணல். நான் கொடுத்திருந்தது வரதராஜுலு அண்ணனின் பூத் நம்பர். அன்று அவர் மூன்று மணிக்கே எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கண்ணாடிக் கதவில் 'மன்னிக்கவும், பிரான்ஸ் வருகிறது' என்று எழுதி ஒட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டுத் தெருவே வந்து வெளியே நின்றுவிட்டது.

நான்கு அடித்து இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது. மூன்று பேர் பேசினார்கள். முதல் இருவர் ஊரைப் பற்றி, படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். குரல் போய்ப் போய் வந்தது. நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒரு அம்மாள், வயதான குரல். சுற்றி வளைக்கவில்லை.

"உங்கள் கட்டுரை தவறு. அதை மறுத்தவர் சொல்வதுதான் சரி. இல்லையா?"

எங்கள் ஊரில் பதினேழு வருடம் நான் கெஞ்சாமல் யாரும் என்னிடம் சொல்லாததை அந்த அம்மாள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மனசு குளிர்ந்தது. பயம் எல்லாம் போய்விட்டது. இவர்களோடு நான் பேசலாம்.

"பாதி தவறு" என்றேன். "எங்கள் தெருவில் மரியாதைதான் சட்டம். அதுவரை நான் எழுதியது சரி. ஆனால் சட்டம் என்றால் அது யாருக்குச் சாதகம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள். கேட்பார்கள். மறுக்க முடியாத ஆளாகப் பார்த்துக் கேட்பார்கள்."

"அந்தப் பக்கத்தில் பரீட்சை என்று வருகிறதே, அது யாருடையது?"

கண்ணாடிக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள்.

"என்னுடையது. கேட்டது என் அம்மா. அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நான் அந்தக் கட்டுரையை எழுதினேன்."

அப்புறம் அந்த அம்மாள் கேட்டார்: "உங்களுக்குப் பாதகமான பக்கம் இது. வேறு யாரிடமாவது வாங்கியிருக்கலாமே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அம்மா, இந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்து இல்லை என்று வாங்க எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. கிடைத்த ஒரே ஒருவரையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கடல் தாண்டி, இரைச்சலைத் தாண்டி அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

மே மாதம் பதினாறாம் தேதி, பட்டப்பகலில், கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அத்தா தெருவில் ஓடி வந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. கையில் கடிதம். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான். ஆனால் முதல் வரி யாருக்கும் புரியும். சேர்க்கை. முழுச் செலவும் அவர்களுடையது. ஆறு பேரில் ஒருத்தி. எங்கள் தெருவே இதுவரை கேட்டிராத சத்தத்தில் நான் கத்தினேன். அத்தாவைக் கட்டிக்கொண்டேன். அவர் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். "எட்டாங்கிளாஸ்ல முடிஞ்சுருமாம்ல, எட்டாங்கிளாஸ்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடிதத்தின் இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. 'உங்கள் கட்டுரையுடன் வந்த மறுப்புப் பக்கத்தைத் தேர்வுக் குழு முழுவதும் படித்தது. அதைத் திருத்தாமல் அனுப்பியவருக்கே இந்த இடம்.' அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அடுப்படிக்குப் போய்ப் பாயசத்துக்குச் சேமியாவை வறுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். "எங்களுக்கு அப்பவே தெரியுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. மாரப்பன், தான்தான் எனக்கு முதல் முதலில் ஊக்கம் கொடுத்தது என்றார். நானும் மரியாதையாக ஆமாங்க என்றேன். சந்தோஷத்தில் எனக்குக்கூட அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

கூட்டம் நிறைந்த நேரத்தில் அம்மா வெளியே போனாள். திரும்பி வரும்போது பாவாத்தாள் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அத்தா உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"புள்ளைக்குச் சீட்டு வாங்கிக் குடுத்தது இவங்க சொன்ன பக்கம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி அதைப் படி."

நான் தயங்கினேன். "பரீச்சையையுமாம்மா?"

"அதையுந்தான்."

என்னிடம் இருந்த நகலை எடுத்துப் படித்தேன். ரயில் என்று வந்தபோது வெங்கடலட்சுமி அம்மா முந்தானையைச் சரிசெய்தார். பரீட்சை என்று வந்தபோது நான் அம்மாவைப் பார்க்காமல் படித்தேன்.

வெங்கடலட்சுமி அம்மாதான் முதலில் பேசினார். எப்போதும்போல இனிமையாக. "நாங்க யாரும் நெனைச்சுச் செய்யலீங்க பாவாத்தா. என்னமோ அப்படி ஆயிப்போச்சு."

பாவாத்தாள் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெனைச்சுத்தானுங்க செஞ்சீங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை. அடுத்ததாக என் அம்மா, யாரையும் பார்க்காமல், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஆமாங்க. நான் நெனைச்சுத்தான் கேட்டேன். இவங்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் நேரா இவங்ககிட்டப் போனேன்."

பகலில் கடிதம் வந்தபோது எனக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது. என் அம்மாவை நினைத்து அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை.

பாவாத்தாள் அக்கா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வெங்கடலட்சுமி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, நாளையிலிருந்து என்ற கொடம் நெறையற வரைக்கும் ஆரும் எங்கிட்ட வந்து கேக்காம இருக்கறீங்களா?"

வெங்கடலட்சுமி அம்மா சுற்றிலும் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை.

"சரிங்க" என்றார்.

வேறு என்ன சொல்ல முடியும்? மரியாதையாகக் கேட்டுவிட்டாரே.